சந்திரசிலா: 5 கி.மீ., 1,000 மீட்டர் ஏற்றம் – ஏப்ரல் கடைசியில் போகலாமா?

#1 ஈரச்சாக்ஸ்

வணக்கம். ஏப்ரல் கடைசி வாரம் உத்தராகண்ட், சோப்தா (நடை தொடங்குற இடம்) – துங்கநாத் (கோயில்) – சந்திரசிலா (உச்சி). மொத்தம் அஞ்சு பேர். நாலு பேர் வெள்ளியங்கிரி, பர்வதமலை ஏறிப் பழகினவங்க. அஞ்சாவது அம்மா, 58 வயசு, பிபிக்குத் தினமும் மாத்திரை. திட்டம் இப்படி: காலை விமானத்தில் டேராடூன், அன்னிக்கு ராத்திரியே சோப்தா, மறுநாள் விடியக்காலை 3 மணிக்குக் கிளம்பி உச்சியில் சூரியோதயம், இறங்கி மதியமே தியோரியா தால் ஏரி. இது ஆகுமா? அந்த நேரத்துல பாதையில் பனி இருக்குமா? க்ராம்பான் (ஷூவுக்கு அடியில மாட்டுற பனி முள்) வாங்கணுமா, வாடகைக்குக் கிடைக்குமா?

#2 பின்பாரம்

நடையை விடுங்க, முதல் நாள்தான் தப்பு. ஜாலி கிராண்ட் விமான நிலையம் 560 மீட்டர் உயரத்துல இருக்கு. சோப்தா சுமார் 2,680. இடையில 200 கி.மீ.க்கு மேல மலைச்சாலை: ரிஷிகேஷ், தேவப்பிரயாகை, ஸ்ரீநகர், ருத்ரபிரயாகை, குண்ட், ஊக்கிமத். மேப் காட்டுற நேரத்தை நம்பாதீங்க, எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். குண்ட் வரைக்கும் கேதார்நாத் போற சாலையும் இதேதான். கேதார்நாத் நடை திறக்குற சமயம்னா ருத்ரபிரயாகைக்கு மேல வண்டி ஊர்ந்துதான் போகும். தேவப்பிரயாகையில சங்கமம் பார்க்கணும், கண்டமென்னும் கடிநகர் திவ்யதேசம் சேவிக்கணும்னு அம்மா கண்டிப்பா சொல்வாங்க. அதுக்கு ஒரு மணி நேரம் சேர்த்துக்குங்க.

ராத்திரி 9 மணிக்குப் போய்ச் சேர்ந்து, சரியாத் தூங்காம, கடல் மட்டத்திலிருந்து வந்த உடம்போட 3 மணிக்கு ஏறினா, தலைவலி வர எல்லாக் காரணமும் நீங்களே சேர்த்து வெச்ச மாதிரி ஆயிடும்.

வரிசையை மாத்துங்க. முதல் ராத்திரி ஊக்கிமத், சுமார் 1,300 மீட்டர். ரெண்டாம் நாள் சாரி கிராமத்துலேருந்து தியோரியா தால், ரெண்டரை கி.மீ. ஏற்றம், ஏரி கிட்டத்தட்ட 2,400 மீட்டர். ஏறி இறங்கி, ராத்திரி சோப்தாவிலோ பனியாகுண்டிலோ தங்குங்க. மூணாம் நாள் சந்திரசிலா. கூடுதல் செலவு ஒரு ராத்திரி வாடகை மட்டும்தான். பழக்கப்படுத்துற நடையை உச்சிக்கு முன்னாடி வைக்கணும், நீங்க பின்னாடி வெச்சிருக்கீங்க.

பணம் ருத்ரபிரயாகையிலேயே எடுத்துடுங்க. சோப்தாவுல சிக்னல் வரும் போகும், கரண்ட் பெரும்பாலும் சோலார்தான். ‘ஜிபே பண்ணிடுறேன்’னு சொல்லிட்டு அங்க போய் நிக்காதீங்க.

#3 தேவதாரு

பாதையைத் துண்டு துண்டாகச் சொன்னால் திட்டமிட வசதியாக இருக்கும்.

சோப்தா நுழைவாயிலில் வனத்துறை சீட்டு வாங்க வேண்டும். இது கேதார்நாத் வனவிலங்கு சரணாலயம், 1972இல் அறிவிக்கப்பட்டது. வாயிலிலிருந்து துங்கநாத் வரை கல்லும் சிமெண்டும் பாவிய நடைபாதை. சுமார் மூன்றரை முதல் நான்கு கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய 790 மீட்டர். சராசரியாக ஐந்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறுகிறீர்கள். படிக்கட்டு மிகக் குறைவு, சாய்தளம்தான் அதிகம். முட்டிக்கு இது நல்லது, கெண்டைக்காலுக்கு ஆகாது. வெள்ளியங்கிரிப் படிகளில் பழகிய கால் இங்கே வேறு இடத்தில் வலிக்கும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே சாய்வான மேம்பாலமோ டிரெட்மில்லில் 12–15 சதவீதச் சாய்வோ வைத்துப் பழகுங்கள். படிக்கட்டுப் பயிற்சி மட்டும் போதாது.

முதல் ஒரு கி.மீ. கர்சு ஓக் மரங்களும் புராஞ்சும் (ரோடோடென்ட்ரான்) நிறைந்த காடு. சிவப்புப் புராஞ்ச் இந்தப் பக்கம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை பூக்கும், ஆகவே கடைசி வாரத்தில் கீழே உதிர்ந்தும் மேலே பூத்தும் இருக்கும். அதன் பிறகு புல்வெளி தொடங்கும், புக்யால் என்பார்கள். ஏறத்தாழ 3,300 மீட்டரில் மர எல்லை முடிகிறது. எல்லை ஓரத்தில் இடுப்பளவு குட்டைப் புராஞ்ச் புதர் நிற்கும், இலையின் அடிப்பக்கம் பழுப்பு வெல்வெட் போல இருக்கும். அதன் வெளிர் ஊதாப் பூ மே மாதத்தில்தான். மோனால் பறவையைப் பார்க்க வேண்டுமானால் இந்தப் புதர்ப் பட்டைதான் இடம். காலை முதல் இரண்டு மணி நேரத்தில், பேச்சுச் சத்தம் இல்லாமல் போனால்.

துங்கநாத் கோயிலுக்குச் சற்று முன்பே சந்திரசிலாவுக்கு ஒற்றையடிப் பாதை பிரியும். அங்கிருந்து ஒன்றேகால் கி.மீ., 200 மீட்டர் ஏற்றம். பாவிய கல் கிடையாது, மண்ணும் உடைந்த பாறையும்தான். கடைசிப் பகுதி செங்குத்து. உச்சியில் சிறு கங்கை கோயில், கல் அடுக்குகள், வடக்கே நேர்ச்சரிவு.

ஏற்றம் துங்கநாத் வரை இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம், அதன் மேல் 45 நிமிடம் முதல் ஒன்றேகால் மணி நேரம். இறக்கம் மொத்தமாக இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியில் கோயில் நடை திறந்திருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் மே முதல் பத்து நாட்களுக்குள்தான் திறப்பார்கள், தேதியை வைசாகி அன்று அறிவிப்பார்கள். அதுவரை உற்சவ மூர்த்தி கீழே மக்குமத் கிராமத்தில் இருப்பார். அம்மாவின் ஆசை தரிசனம் என்றால் திறப்புத் தேதியைப் பார்த்துவிட்டு விமானச்சீட்டு போடுங்கள்.

#4 ஈரச்சாக்ஸ்

மக்குமத் விஷயம் தெரியவே தெரியாது, நன்றி. தேதியைத் தள்ளி வைக்கப் பார்க்கிறோம். ஒரு சந்தேகம்: எல்லா இடத்திலும் துங்கநாத் 3,680 மீ., சந்திரசிலா 4,000 மீட்டருக்கு மேல்னு போட்டிருக்கு. தேவதாரு சொல்ற கணக்குல கூட்டினா 3,700கூட வரலையே?

#5 கோணமானி

தேவதாரு கணக்குதான் சரி. 12,073 அடி (3,680 மீ.) என்ற எண் பலகையிலிருந்து வலைப்பதிவுக்கும் அங்கிருந்து டூர் கம்பெனி விளம்பரத்துக்கும் நகலாகிக்கொண்டே இருக்கிறது. கோயில் சுமார் 3,470 மீட்டர், உச்சி சுமார் 3,690. கோயிலுக்குச் சொல்லப்படும் உயரம்தான் ஏறக்குறைய உச்சியின் உண்மை உயரம்! ‘நான் 4,000 மீட்டர் ஏறினேன்’ என்று ஸ்டேட்டஸ் போட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போனில் பார்த்து உறுதிப்படுத்த நினைப்பவர்களுக்கு: சில செயலிகள் நீள்வட்டக் கோளத்திலிருந்து (ஜிபிஎஸ் கணக்குக்காகப் பூமிக்கு வைத்திருக்கும் கணித வடிவம்) அளந்த உயரத்தை அப்படியே காட்டும், கடல் மட்ட உயரமாக மாற்றாது. இந்தியாவில் அந்த எண் கடல் மட்ட உயரத்தைவிடக் குறைவாக வரும், இமயப் பகுதியில் சில பத்து மீட்டர் வித்தியாசம். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கடிகாரம் என்றால் சோப்தாவில் 2,680 என்று பொருத்திவிட்டுக் கிளம்புங்கள். பொருத்தாமல் போனால் வானிலை மாறும்போது உட்கார்ந்த இடத்திலேயே உங்களை 50 மீட்டர் ஏற்றிவிடும்.

300 மீட்டர் குறைந்ததால் எளிது என்று எண்ண வேண்டாம். 3,690இல் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 63 சதவீதம். சோப்தாவிலேயே 72 சதவீதம்தான்.

#6 மூணுகால்

பனி கேள்விக்கு வர்றேன். ஏப்ரல் கடைசியில புல்வெளி பெரும்பாலும் தெளிஞ்சிருக்கும், ஆனா பாதை தெளிஞ்சிருக்கணும்னு இல்ல. ஏன்னா பாதையில விழுந்த பனி, குளிர்காலம் முழுக்க ஆள் மிதிச்சு மிதிச்சு இறுகி ஐஸ் ஆயிருக்கும். பக்கத்துல இருக்குற பஞ்சு மாதிரி பனி உருகின பிறகும் இது கிடக்கும். வெயில் படாத வளைவுகள், கோயிலுக்கு முந்தின மடிப்புகள், சந்திரசிலா பாதையோட நிழல் பக்கம், இந்த மூணும்தான் மாட்டிவிடுற இடம்.

காலை 6 மணிக்கு அது கல்லு மாதிரி இருக்கும், ஸ்பைக் இருந்தா நல்லாப் பிடிக்கும். 10 மணிக்கு மேல வெயில்பட்டு மேலாக ஒரு படலம் தண்ணி நிக்கும். ஐஸ் மேல தண்ணி, அதுக்கு மேல ஷூ. அந்த நேரத்துலதான் நீங்க இறங்கிட்டிருப்பீங்க, விழறதெல்லாம் அப்போதான். மணிக்கட்டுதான் அதிகம் அடிபடுறது, பின்னால கையை ஊனி விழறதால.

க்ராம்பான் வேணாம். முழு க்ராம்பானுக்கு விறைப்பான பூட்ஸ் வேணும், ட்ரெக்கிங் ஷூவுல அது கழண்டுடும். உங்களுக்கு வேணும்ங்கறது மைக்ரோஸ்பைக்: ரப்பர் வளையம், சங்கிலி, ஸ்டீல் முள். பனிக்காலத்துல சோப்தா கடையில வாடகைக்குத் தருவாங்க, ஏப்ரல் கடைசியில எடுத்து உள்ள வெச்சிருக்கவும் கூடும். வாடகைன்னா ராத்திரியே வாங்கி ரூம்ல உங்க ஷூவுல மாட்டிப் பாருங்க. பார்க்க வேண்டியது மூணு. ரப்பர் இழுத்தா வெடிப்பு தெரியுதா? முள்ளு முனை மழுங்கியிருக்கா? மாட்டினப்புறம் குதிகால் பக்கம் விரல் விட்டு இழுத்தா கழண்டு வருதா? கழண்டா ஒரு சைஸ் சின்னதா வாங்குங்க. எல்லாருக்கும் ஒரே சைஸ்னு கடைக்காரர் சொல்வார், கேக்காதீங்க.

வெறும் கல் வந்தா கழட்டிடணும். சோம்பல்பட்டு அப்படியே நடந்தா முள் கல்லுல சறுக்கும், கணுக்கால் மடங்கும். ஈரப்பனி முள்ளுக்கு நடுவுல உருண்டையா ஒட்டிக்கிட்டா குச்சியால ஷூவோட பக்கத்தைத் தட்டி உதிர்க்கணும்.

பனி இல்லேன்னாலும் குதிரை, கச்சர் (கோவேறு கழுதை) குளம்பு பட்டுப் பட்டு கல்லு மழமழன்னு இருக்கும். மழை பெஞ்சா சாணியும் சேர்ந்து வழுக்கும். கச்சர் வந்தா மலைப்பக்கமா ஒதுங்கி நில்லுங்க, பள்ளத்துப் பக்கம் நிக்கவே கூடாது.

#7 லென்ஸ்மூடி

எல்லாரும் சூரியோதயத்தைப் பத்திப் பேசாமலே போறீங்க. அந்த மலைக்குப் போறதே அதுக்குத்தான். கிழக்குப் பக்கம் நந்தாதேவி, திரிசூல் எல்லாம் உச்சிக்குப் போனாத்தான் திறக்கும், வழியில எங்கேயும் தெரியாது. 9 மணிக்கு மேல எதிர்வெயில்ல வெறும் நிழலுருவம்தான். 10, 11 மணிக்கு மேகம் ஏறிடும். இருட்டுல போகாதேன்னு சொல்றது, மலையை வெறும் உடற்பயிற்சியா ஆக்குறது.

#8 பின்பாரம்

காட்சியைப் பத்திச் சொன்னது அத்தனையும் சரி. ஆனா மணியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த அட்சரேகையில மே நடுவில் சூரியன் எழுறது சுமார் 5:20க்கு. கிழக்கு சிவக்குறதைப் பார்க்கணும்னா 4:50க்கே உச்சியில் இருக்கணும். ஏற்றம் நாலு மணி நேரம். அப்போ கிளம்பவேண்டியது ஒரு மணிக்கு முன்னாடி. 3 மணிக்குக் கிளம்புறவங்க துங்கநாத் எட்டுறதுக்கு முன்னாடியே விடிஞ்சிடும். ‘3 மணி’ங்கற எண் அக்டோபர் நடுவுல, அதுவும் வேகமா ஏறுறவங்களுக்குத்தான் பொருந்தும், அப்போ உதயம் 6:15 வாக்கில். டிசம்பர் கடைசியில 7:05 ஆகும், ஆனா பனியில வேகம் பாதி.

இருட்டுல வேற சிக்கலும் இருக்கு. கீழே காட்டுல கருங்கரடி, சிறுத்தை நடமாட்டம் உண்டு; தனியாப் போகக் கூடாது, அஞ்சு பேரும் சேர்ந்தே போகணும். ஐஸ் எது ஈரக்கல் எது டார்ச் வெளிச்சத்துல தெரியாது, ரெண்டும் ஒரே மாதிரி மின்னும். ‘உதயம் தவறிடும்’னு அவசரமா ஏறினா வேர்க்கும், மேல போய் ஈரச்சட்டையோட காத்துல ஒரு மணி நேரம் நிக்கணும். உச்சியில மைனஸ் 2 டிகிரி, காத்து 40 கி.மீ. வேகம்னா தோலுக்கு அது மைனஸ் 10. நுழைவாயில்ல இருட்டுல விடுவாங்களான்னும் முந்தின சாயங்காலமே கேட்டுக்கணும்.

#9 லென்ஸ்மூடி

மே கணக்கு ஒத்துக்கறேன், அக்டோபர் என் மனசுல இருந்தது. அப்போ மே மாசத்துக்கு மாற்று: 4:30க்குக் கிளம்புங்க. வடக்கு, வடமேற்குப் பக்கம் காடு முடிஞ்சு புல்வெளி தொடங்கினதுமே திறந்து கிடக்கு. கேதார்நாத் சிகரம் (6,940 மீ.), சௌகம்பா (7,138 மீ.) மேல முதல் வெளிச்சம் விழறதை நடந்துக்கிட்டே பார்க்கலாம். அந்தச் செம்மை பத்து நிமிஷம்கூட நிக்காது, பையைக் கழட்டி கேமரா எடுக்கறதுக்குள்ள போயிடும். கேமரா தோள்பட்டை க்ளிப்புல இருக்கட்டும். உச்சிக்கு 8:30க்கு வந்தாலும் சௌகம்பா நல்லாவே கிடைக்கும், அது வடக்கே சுமார் 30 கி.மீ.ல சுவர் மாதிரி நிக்குது, வெயில் பக்கவாட்டுல விழும்.

உதயம் எங்கே வரும்னு இன்னொரு குறிப்பு. உச்சியிலேருந்து நந்தாதேவி கிழக்குக்குச் சற்றே தெற்கே, திரிசூல் அதுக்கும் வலப்பக்கம். அக்டோபர் நடுவிலும் பிப்ரவரி கடைசியிலும் சூரியன் நந்தாதேவி பக்கம் எழும். டிசம்பர்ல திரிசூலுக்கும் வலது பக்கம் போயிடும். மே நடுவுல இடப்பக்கம் நகர்ந்து ஹாத்தி பர்பத் திசையில வரும். ‘நந்தாதேவி மேல சூரியன்’ படம் வேணும்னு மே மாசம் ஏறினா கிடைக்காது.

பேட்டரி குளிர்ல சட்டுன்னு இறங்கும். கூடுதல் பேட்டரியும் போனும் உள்சட்டைப் பையில, உடம்போட ஒட்டி இருக்கணும்.

#10 கஷாயம்

அம்மா விஷயம். பிபி கட்டுக்குள் இருந்து, வீட்டருகே இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஏற்றத்தில் நடக்க முடிந்தால் இந்த உயரம் தடையில்லை. மாத்திரை எது என்பதைப் பொறுத்து மருத்துவரிடம் கேட்க வேண்டியது மாறும். பீட்டா பிளாக்கர் வகை இதயத் துடிப்பை ஏறவிடாது. மற்றவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்கச் சொன்னால் மூச்சு வாங்கித் தலை சுற்றும். நீர் பிரிக்கும் மாத்திரை என்றால் தண்ணீர்ச்சத்து சீக்கிரம் குறையும். எதையும் தாமாக நிறுத்தக் கூடாது, பயண நாளிலும் வழக்கமான நேரத்தில் போட வேண்டும்.

டயாமாக்ஸ் (மலைநோய்த் தடுப்பு மாத்திரை) பற்றி அடுத்து யாராவது கேட்பீர்கள். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி., ஒரு நாளைக்கு இரண்டு வேளை, உயரம் ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. பின்பாரம் சொன்னபடி இரண்டு இரவு இடையில் தங்கினால் பெரும்பாலானோருக்குத் தேவைப்படாது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. விரல் நுனி சுறுசுறு என்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம்.

தலைவலியோடு குமட்டலோ அளவுமீறிய அசதியோ தலைசுற்றலோ சேர்ந்தால் அது மலைநோய் என்றே எடுத்துக்கொண்டு மேலே போவதை நிறுத்துங்கள். உட்கார்ந்து ஓய்வெடுத்தும் மூச்சு இறைத்தாலோ, ஒரு கோட்டில் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கத் தடுமாறினாலோ, உடனே இறக்கம். யாராவது கூடவே போக வேண்டும். ‘அரை மணி பார்ப்போம்’ என்று கோயில் திண்ணையில் படுக்க வைக்காதீர்கள். இந்தப் பாதையின் பெரிய வசதி, ஒன்றரை மணி நேரத்தில் 800 மீட்டர் கீழே வந்துவிடலாம் என்பதுதான்.

விரல் ஆக்சிமீட்டர் எடுத்துப்போகிறவர்கள், சில்லிட்ட விரலில் வைத்துவிட்டு 70 காட்டுகிறது என்று அலற வேண்டாம். கையை அக்குளில் வைத்துச் சூடேற்றி, ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். அங்கே 80களின் பிற்பகுதி சகஜம்.

#11 ஈரச்சாக்ஸ்

ரொம்பத் தெளிவு. மே இரண்டாம் வாரம்னு மாத்திட்டோம், ஊக்கிமத்தில் ஒரு ராத்திரி சேர்த்தாச்சு. புல்வெளியில் டென்ட் அடிக்கலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். சரியா? அப்புறம் துணிமணி?

#12 தேவதாரு

டென்ட் கூடாது. உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடை செய்தது. அந்த ஏஜென்ட் காட்டும் படம் பெரும்பாலும் சாலையோரத் தனியார் இடமாக இருக்கும், அல்லது சட்ட மீறலாக. பணம் கட்டுவதற்கு முன் எது என்று கேளுங்கள்.

அதேபோல் வளைவுகளை வெட்டிப் புல்லில் குறுக்கே ஏறாதீர்கள். அங்கே மண் ஒரு சாண்கூட இல்லாத இடங்கள் உண்டு, வருடத்தில் பாதி பனிக்கடியில் இருக்கும். ஒருமுறை புல் தோல் உரிந்தால் மழைநீர் அதே கோட்டில் ஓடி வாய்க்கால் ஆக்கிவிடும். சோப்தாவுக்கு மேலே பார்க்கும் பழுப்புக் கோடுகள் எல்லாம் அப்படி வந்தவைதான். குடுகி, ஜடாமாஞ்சி போன்ற மூலிகைகள் வளரும் புல்வெளி அது.

#13 மூணுகால்

துணி: ஜீன்ஸ் வேணாம், பருத்தி பனியன் வேணாம். நனைஞ்சா காயாது. உள்ள பாலியஸ்டர் டீ-ஷர்ட், மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்தும் மழையும் தடுக்குற ஜாக்கெட். ஏறும்போது ஃப்ளீஸ் பையிலதான் இருக்கணும். கிளம்பி முதல் பத்து நிமிஷம் லேசாக் குளிரணும், குளிரலேன்னா அதிகமா போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். கோயில் தாண்டினதும் உலர்ந்த டீ-ஷர்ட் மாத்திட்டு ஃப்ளீஸ் போட்டு உச்சிக்குப் போங்க. இதைச் செய்யாதவங்கதான் மேல நடுங்கிட்டு நிக்கறது.

கையுறை, காது மூடுற குல்லா, கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனித்திட்டு இருந்தா வெயில் கீழேருந்தும் அடிக்கும். மூக்கு அடிப்பக்கம், தாடை அடியிலயும் சன்ஸ்கிரீன் தடவுங்க. தண்ணி ஆளுக்கு ஒன்றரை, ரெண்டு லிட்டர். சீசன்ல வழியில டீக்கடை இருக்கும், நடை திறக்கறதுக்கு முன்னாடின்னா ஒண்ணும் இருக்காது. பனிக்காலத்துல போறவங்க பாட்டிலைத் தலைகீழா வைங்க. ஐஸ் மேல்பக்கம்தான் முதல்ல கட்டும், மூடி அடைக்காது.

#14 கோணமானி

மே என்பதால் பிற்பகல் இடி. முற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பி இரண்டு மணி வாக்கில் கொட்டும், சில நாள் நண்பகலுக்கு முன்பே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உச்சியையும் முகட்டையும் விட்டு இறங்குங்கள். உச்சிக் கோயிலின் சுவரை ஒட்டி ஒதுங்குவது, மணி தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, ட்ரெக்கிங் குச்சியைப் பையில் நிமிர்த்திச் செருகி நடப்பது, மூன்றும் ஆகாது. துங்கநாத் கடை, சத்திரங்கள் வரை வந்துவிட்டால் போதும்.

மணி எத்தனை ஆனால் திரும்புவது என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். மே மாதத்துக்கு 10:30. எங்கே நின்றாலும், உச்சி கண்ணெதிரே இருந்தாலும், அந்த நேரத்தில் முகம் கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். ஐந்து பேரில் மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், வேகம் அவருடையது. பேசிக்கொண்டே ஏற முடியாத வேகம் அதிக வேகம்.

#15 ஈரச்சாக்ஸ்

கடைசிக் கேள்வி. அம்மாவுக்குத் துங்கநாத் வரை குதிரை எடுத்தால்?

#16 பின்பாரம்

எடுக்கலாம், ஆனா போக மட்டும். இறக்கத்துல குதிரை முதுகு முன்னாடி சாயும், சேணத்துல பிடி இல்லாம இடுப்பும் முட்டியும் நடக்கறதைவிட அதிகமா வலிக்கும். ‘போக மட்டும்’னு முதல்லயே பேசி விலை முடிச்சுக்குங்க, இல்லேன்னா மேல காத்திருந்ததுக்கும் கேப்பாங்க. இன்னொண்ணு, குதிரையில உட்கார்ந்து வர்றவங்களுக்கு உடம்பு சூடாகாது. நடக்கறவங்க டீ-ஷர்ட்டோட வேர்த்துட்டு இருக்கும்போது அம்மா விறைச்சிப் போயிடுவாங்க. ஜாக்கெட், குல்லா, கையுறை எல்லாம் போட்டுத்தான் ஏத்தணும். கோயில்ல இறங்கினதும் சந்திரசிலாவுக்குக் கிளம்பாதீங்க. அரை மணி நேரம் நடமாட விட்டு, தலைவலி இருக்கான்னு கேட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க. நடந்து வந்தவங்களுக்கு மூணு மணி நேரத்துல மெதுவா ஏறின உயரத்தை அவங்க ஒன்றரை மணி நேரத்துல தாண்டியிருப்பாங்க.

#17 கஷாயம்

மேலே சொன்னதோடு ஒன்று: குதிரையில் வந்தவர் தாகம் எடுக்கவில்லை என்பார். அரை மணிக்கு ஒருமுறை நான்கு மடக்கு குடிக்க வையுங்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருந்தால் மறுக்க மாட்டார்.